பற்றவைக்காத நாரை

அத்தியாயம் 6

"செத்துப்போனவர் செஞ்ச நாரைன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. என்னைவிட உயிரோட நிக்குது," என்றாள் ஹலீமா.

அவளுடைய முதலாளி ரகுபதி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கெர்போ சாலையில் இருந்த அந்தக் கடைவீட்டின் மரப்படிகளில் ஏறிவந்த மூச்சு அவருக்கு இன்னும் அடங்கவில்லை. போலீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றபோது இனி படி ஏற வேண்டாம் என்றுதான் நினைத்தார். தனியார் துப்பறிவாளரிடம் வருகிறவர்களின் பிரச்சினை எல்லாம் மாடியில்தான் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

மாடியில் பழைய இரும்புச் சிற்பங்களின் கண்காட்சி. பரோட்டாக் கல்லில் செய்த ஆமை, தையல் இயந்திரத்தில் செய்த நாய், குழாய்களில் பின்னிய ஒரு மரம். நடுவில் ரகுபதியின் தோள் உயரத்துக்கு அந்த நாரை ஒற்றைக் காலில் நின்றது. தோட்டக் கத்தரியின் இரண்டு அலகுகள் அதற்கு மூக்கு. சைக்கிள் சங்கிலிகளை முறுக்கிக் கழுத்து. வயிறு ஒரு ரைஸ் குக்கர் பானை. உடம்பு முழுக்க வெளிர் பச்சைத் தகட்டில் வெட்டிய இறகுகள். பக்கத்தில் சின்ன அட்டையில் ஒரே பெயர்: இளமாறன்.

இளமாறன் கடலில் போய் ஏழு வருடமாகிறது.

மூன்று நாளாக இதுதான் அவர்களுடைய வழக்கு. வழக்கைக் கொண்டுவந்தவள் பூவம்மா. போனில் பெயரைக் கேட்டதும் கைத்தடியோடு யாரோ வரப்போகிறார்கள் என்று ஹலீமா நாற்காலியை வாசல் பக்கம் இழுத்துப் போட்டிருந்தாள். வந்தவளுக்கு நாற்பத்தைந்து வயதுகூட இருக்காது. பேருந்து ஓட்டுநர் சீருடையில் விறுவிறுவென்று நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் சற்குணன், அவளை மணக்கப்போகிறவர். வீவக எனும் அரசு அடுக்குமாடி புளோக்குகளில் லிஃப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக். அன்று முழுக்க அவர் பேசியது இரண்டே வார்த்தை. ஹலீமா காப்பி வேண்டுமா என்று கேட்டபோது ஒரு "பரவால்ல", பிஸ்கட் வேண்டுமா என்று கேட்டபோது இன்னொரு "பரவால்ல".

பூவம்மாதான் பேசினாள். அவள் கணவன் இளமாறன் கப்பல் பட்டறையில் வெல்டர். லீவு நாட்களில் கழிவு இரும்பில் பறவை செய்வான். ஒருநாள் விடியற்காலையில் மீன் பிடிக்கப் படகில் போனான். படகு மட்டும் கவிழ்ந்த நிலையில் கிடைத்தது.

"விட்டுட்டுப் போயிட்டார்னு கேஸ் போட்டா அப்பவே விவாகரத்து வாங்கியிருக்கலாம்னு வக்கீல் சொன்னாங்க சார். எனக்கு மனசு வரல. கடலோட போன மனுஷனை ஓடிப்போனவர்னு எழுதிக் கையெழுத்துப் போட முடியுமா? இறந்துட்டார்னு கோர்ட் ஏத்துக்க ஏழு வருஷம் ஆகும்னாங்க. சரி, இருப்போம்னு இருந்தேன். வர்ற வெள்ளிக்கிழமை கோர்ட்டுல சத்தியம் பண்ணணும், அவர் உயிரோட இல்லைன்னு. இப்ப பார்த்து, கண்காட்சிக்குப் போன இடத்துல, இந்த நாரை வந்து நிக்குது. நான் எந்த வாயால சத்தியம் பண்றது?"

கண்காட்சிக்கு நாரை ஒரு வாடகை வேனில் வந்திருந்தது. வேனைப் பிடித்து விசாரித்ததில் ஒன்றும் தேறவில்லை. யாரோ இளமாறன் என்ற பெயரில் போனிலேயே ஏற்பாடு செய்து, ரயில் நிலையத்துக்கு எதிரே சாமானை வைத்துவிட்டு மறைந்திருந்தார்கள்.

ரகுபதி விரலை மடக்கி நாரையின் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே எங்கோ ஆழத்தில் 'ணிங்' என்று சைக்கிள் மணி அடித்தது.

"இதைத்தான் அந்தம்மா சொன்னாங்க," என்றாள் ஹலீமா. "அவர் செய்யற எல்லாப் பறவை வயித்துலயும் மணி இருக்குமாம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாதாம். அப்ப அவரே செஞ்சதுதானே? கேஸ் முடிஞ்சது. வாங்க, சாப்பிடப் போலாம்."

ரகுபதி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நாரையைச் சுற்றி வந்தார். கழுத்தடியில் பார்த்தார். சிறகை லேசாகத் தூக்கிப் பார்த்தார். குனிந்து கால் விரல்களுக்கு இடையில் பார்த்தார். நிமிர்ந்தபோது முதுகில் ஏதோ ஒன்று சொடக்கிட்டது.

"ஹலீமா, இதுல வெல்டிங் எங்க இருக்குன்னு காட்டு பார்ப்போம்."

அவளும் ஒருமுறை சுற்றி வந்தாள். "எல்லாம் போல்ட்டு நட்டா இருக்கு."

"அதான். வாழ்க்கை முழுக்க இரும்பைப் பற்றவைச்சே சம்பளம் வாங்கின ஆளு. ஒரு இடத்துலகூடப் பற்றவைக்காம ஒரு பறவையை ஏன் செய்யணும்?"

"வயசாச்சு. கண்ணு தெரியல."

"கண்ணு தெரியாதவன் இத்தனை துளை போட மாட்டான். தீயைத் தொட முடியாத இடத்துல இருந்து செஞ்சிருக்கான். வீவக வீட்டுல வெல்டிங் போட்டா என்ன ஆகும்?"

"மேல்வீட்டு ஆன்ட்டி போலீசைக் கூப்பிடும். கீழ்வீட்டு அங்கிள் வீடியோ எடுத்துப் போடுவார்."

"அப்ப வீட்டுல உட்கார்ந்து செஞ்சது. சரி, ஒவ்வொரு போல்ட்டுலயும் எத்தனை நட்டு இருக்கு?"

ஹலீமா எண்ணிப் பார்த்தாள். "ரெண்டு ரெண்டு. எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு கழன்றாலும் இன்னொண்ணு பிடிச்சுக்கும். கீழ நிக்கிறவன் தலையில எதுவும் விழக்கூடாதுன்னு நினைக்கிற ஆளு. ஒண்ணு, பயந்தாங்கொள்ளி. இல்லன்னா ரொம்பப் பொறுப்பானவன்."

"நிறையப் பேருக்கு ரெண்டும் ஒண்ணுதாண்ணே," என்றாள் ஹலீமா. பிறகு இறகு ஒன்றை விரலால் தடவியவள் அப்படியே நின்றாள். "அண்ணே, இங்க பாருங்க. ஒவ்வொரு இறகுலயும் ஒரு ஓட்டை. வட்டமா, நடுவுல ஒரு கோடு இழுத்த மாதிரி."

ரகுபதி கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"சாவித் துவாரம்," என்றாள் அவள். "இது தபால் பெட்டிக் கதவுண்ணே. புளோக்குக்குக் கீழ வரிசையா இருக்குமே, அந்தப் பெட்டி. வீட்டு எண்ணை மட்டும் சுரண்டி எடுத்திருக்காங்க."

உற்றுப் பார்த்தபோது ஒரு இறகின் ஓரத்தில் பாதி கிழிந்த பிள்ளையார் ஸ்டிக்கரும் இன்னொன்றில் சீனப் புத்தாண்டுக்கு ஒட்டிய சிவப்புத் தாளின் மூலையும் தெரிந்தன. ஒரு புளோக்கே திரண்டு வந்து நாரையின் முதுகில் குடியேறியிருந்தது.

"தீவு முழுக்கத் தபால் பெட்டி இருக்கு," என்றார் ரகுபதி. அந்த நினைப்பே அவரைக் களைக்க வைத்தது.

"ஆனா வெளிர் பச்சைப் பெட்டி எல்லா இடத்துலயும் இல்ல. அதைச் சமீபத்துல கழட்டி எறிஞ்ச புளோக் எத்தனை இருக்கும்? கவலைப்படாதீங்க. போலீசுக்குக் கம்ப்யூட்டர் இருந்தா எனக்கு எங்க குடும்பத்து வாட்ஸப் குரூப் இருக்கு."

*

ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கடையில் ரகுபதி தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது முதல் பதில்கள் வந்தன. ஜூரோங்கில் இருந்த மாமா, தபால் பெட்டிக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று எழுதியிருந்தார். உட்லண்ட்ஸில் இருந்த மச்சினி ஒரு பூனைப் படம் போட்டிருந்தாள். ரகுபதி தே தாரிக் தேநீரை உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடினார்.

நேற்று இரவும் அவர் சரியாகத் தூங்கவில்லை. காணாமல் போனவர்களைத் தேடுவது அவருக்குப் புதிதல்ல. கண்டுபிடித்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் வரவர அவரைக் களைப்படைய வைத்தது. தேடியவர்கள் முகத்தில் அந்த நிமிடம் தெரியும் சந்தோஷம், கேள்விகள் தொடங்கும்போது வடிந்துவிடும். பாதிப் பேர் கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. வாடிக்கையாளரிடம் அதைச் சொல்ல முடியாது.

"வந்துடுச்சு," என்றாள் ஹலீமா. ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டாள். ஜரீனா மாமியின் குரல் பக்கத்து மேசைக்கும் சேர்த்துக் கேட்டது.

"எங்க புளோக்குலதான் மாத்தினாங்க, பச்சைப் பெட்டி. ரெண்டு மாசம் ஆச்சு. புதுசு வந்ததுல இருந்து சாவி மாட்டிக்குது, பில்லு எடுக்க முடியல, அது ஒருவகையில நல்லதுதான். நீ எப்ப வர்றே? நோன்புப் பெருநாளைக்கு வந்தவ, அதோட காணோம்…"

"போதும்," என்று ஹலீமா நிறுத்தினாள். "பாசிர் ரிஸ். எழுந்திருங்கண்ணே."

பூகிசில் ரயில் மாறியதும் ரகுபதிக்கு உட்கார இடம் கிடைத்தது. பாசிர் ரிஸ் கடைசி நிறுத்தம். ஹலீமா தோளைத் தட்டி எழுப்பியபோது பெட்டியில் அவர்கள் இருவரும் மட்டுமே இருந்தார்கள்.

"கனவுல குற்றவாளியைப் பிடிச்சீங்களா?"

"நாரைதான் வந்துச்சு. என்னைப் பார்த்து, ஏன்யா உனக்கு இந்த வேலைன்னு கேட்டுச்சு."

*

ஜரீனா மாமி புளோக்கின் கீழ்த்தளத்திலேயே காத்திருந்தார். புதுத் தபால் பெட்டிகளின் மேல் தனக்கிருந்த குறைகளை எல்லாம் ரகுபதியிடம் ஒப்பித்த பிறகுதான் பழைய பெட்டிகள் எங்கே போயின என்று சொன்னார். குத்தகைக்காரர்கள் கழற்றிக் குவித்ததை மறுநாளே கரங்குனிக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போனாராம். வீடு வீடாகப் பழைய சாமான் வாங்கும் அந்தச் சீனக் கிழவர் இந்த நேரத்துக்குக் காப்பிக்கடைக்குப் பின்னால்தான் இருப்பார்.

இருந்தார். அட்டைகளை மிதித்துத் தட்டையாக்கித் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஹலீமா மலாயில் பேச்சைத் தொடங்கினாள். தபால் பெட்டி என்றதும் கிழவர் கையை ஆட்டிச் சிரித்தார். பெட்டிகள் எல்லாம் உருக்கப் போய்விட்டன. கதவுகள் மட்டும் போகவில்லை. அவற்றை ஒருவர் அங்கேயே கழற்றி எடுத்துக்கொண்டார்.

"எப்படிப்பட்ட ஆளுன்னு கேளு," என்றார் ரகுபதி.

ஹலீமா கேட்டாள். கிழவர் கையை மேலே உயர்த்திக் கீழே இறக்கி, மறுபடி உயர்த்தினார்.

"உயரமான ஆளா?"

"இல்லண்ணே." ஹலீமாவின் குரலில் கேலி வற்றிப்போயிருந்தது. "லிஃப்ட்டாம். இந்தப் பக்கத்து லிஃப்ட்டெல்லாம் ரிப்பேர் பண்ண வர்றவராம். நம்ம ஆளு, தமிழர். ரொம்பப் பேச மாட்டாராம். கூல் டிரிங்க் வாங்கிக் கொடுத்தா பரவால்லன்னு சொல்வாராம். அந்த ஒரு வார்த்தையை இவரே கத்துக்கிட்டார்."

"பாவல்லே," என்று கிழவர் பெருமையாகச் சொல்லிக் காட்டினார். பிறகு வண்டியின் கைப்பிடியைத் தட்டி ஏதோ சொன்னார். அங்கே ஒரு பழைய சைக்கிள் மணி இருந்த இடத்தில் இப்போது துருப்பிடித்த வளையம் மட்டும் மிச்சமிருந்தது.

"மணியையும் அவருக்கே கொடுத்துட்டாராம். கெஞ்சிக் கேட்டாராம். அதுல இருந்து தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்குன்னு சொல்றார்."

ரகுபதி பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். தங்கள் அலுவலகத்தில், பூவம்மாவுக்குப் பின்னால், பிஸ்கட் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர் கண்முன் வந்து நின்றார்.

"அண்ணே, நம்மளைத் தேடச் சொன்னவங்ககூட வந்தவரேவா?" ஹலீமா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "இந்தக் கேஸ்ல நாம ரயில் ஏறியிருக்கவே வேணாம். நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தாப் போதும்."

"மணி விஷயம் ரெண்டு பேருக்குத்தான் தெரியும்னு அந்தம்மா சொன்னாங்க. அவங்க வீட்டுல ஒரு பறவை இருக்குன்னும் சொன்னாங்க, இல்ல?"

"மைனா. டிவி பக்கத்துல."

"அந்த மைனாவுக்குத் தூசி தட்டினவனுக்கும் தெரிஞ்சிருக்கும்," என்றார் ரகுபதி. பையில் இருந்து போனை எடுத்தார்.

*

சற்குணன் இரண்டு புளோக் தள்ளி வேலையில் இருந்தார். 'பழுதுபார்ப்பு' என்ற மஞ்சள் பலகைக்குப் பின்னால் லிஃப்ட் கதவு திறந்தது. கருவிப் பையோடு நின்றவர் இருவரையும் பார்த்தார். ஹலீமாவின் கையில் இருந்த போனில் நாரை இறகின் படம் பெரிதாக்கி வைக்கப்பட்டிருந்தது. அவர் கையுறைகளைக் கழற்றினார்.

கீழ்த்தளக் கல் மேசையில் மூவரும் உட்கார்ந்தார்கள். ஹலீமா போனைச் சற்குணன் பக்கம் தள்ளினாள்.

"கல்யாணம் வேணாம்னா வாயால சொல்லியிருக்கலாமே. இதுக்கு ஒரு நாரையைச் செஞ்சு, செத்தவர் பேரை எழுதி, வேன் வச்சு அனுப்பணுமா? அந்தம்மா தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"கல்யாணம் வேணும்," என்றார் சற்குணன்.

"பின்ன?"

அவர் கையுறையை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"மைனாவை யாரு துடைப்பா?" என்று ரகுபதி மெதுவாகக் கேட்டார்.

"நான்தான் சார். சனிக்கிழமை போனா பூவம்மா சமைப்பாங்க, நான் வீட்டைக் கூட்டித் துடைப்பேன். மொதத் தடவை துடைக்கும்போது உள்ள மணி அடிச்சுது. பயந்துட்டேன். அவங்ககிட்ட கேக்கல. அது அவங்க ரெண்டு பேருக்குள்ள இருந்த விஷயம், நான் ஏன் கேக்கணும்னு விட்டுட்டேன்." நிமிர்ந்தார். "மூணு மாசத்துக்கு முன்னாடி சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு எல்லை தாண்டி ஜொகூர் பக்கம் போனேன். குளுவாங். ஊருக்கு வெளிய ஒரு கார் பட்டறை. வாசல்ல ஆளுயரத்துக்கு ஒரு இரும்புக் கழுகு. பார்த்ததும் காரை நிறுத்தச் சொன்னேன். எதுக்குன்னு எனக்கே தெரியல. போய் வயித்துல தட்டினேன்."

ஹலீமா மேசை மேல் முன்னால் சாய்ந்தாள்.

"மணி அடிச்சுது சார். சத்தம் கேட்டு உள்ள இருந்து ஒருத்தர் வந்தார். போட்டோவுல பார்த்த முகம். கொஞ்சம் தொப்பை போட்டிருக்கு. காலைக் கட்டிக்கிட்டு ஒரு சின்னப் பொண்ணு."

மேலே எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசிலடித்தது. ரகுபதி அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"என்ன சொன்னார்?"

"நான் யாருன்னு சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போச்சு. அவகிட்ட சொல்லாதீங்க அண்ணே, நான் செத்தவனாவே இருந்துக்கிறேன்னார். அவருக்கு அது சுலபம். கையெழுத்துப் போட வேண்டியது பூவம்மாதானே?"

"நேரா வந்து அவங்ககிட்ட சொல்லியிருக்கலாம்."

"எப்படி சார் சொல்றது? ஓடிப்போனவர்னு எழுத மாட்டேன்னு ஏழு வருஷம் உட்கார்ந்திருந்த மனுஷி. வருஷா வருஷம் சாங்கிக் கடற்கரையில அவருக்குப் பால் ஊத்துவாங்க. போன வருஷம் சொம்பை நான்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவங்க முன்னாடி நின்னு, உன் புருஷன் குளுவாங்ல புள்ளையோட இருக்கார்னு நான் சொல்லணுமா? எனக்கு வாய் வரல. சும்மா இருந்தா பொய்ச் சத்தியம் பண்ணிடுவாங்க. அதையும் பார்த்துக்கிட்டு இருக்க முடியல. அவர் உயிரோட இருக்கார்னு யாராவது சொல்லணும். நானா இருக்கக் கூடாது. அதான்…"

"அதான் நாரையைச் சொல்ல வச்சீங்க," என்றார் ரகுபதி.

"வெல்டிங் தெரியாது. போல்ட்டு போட்டேன். துப்பறியறவங்ககிட்ட போவாங்கன்னு நினைக்கல."

ரகுபதிக்கு அந்த மனிதர் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து போய் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். புளோக்குக்கு வெளியே வெயில் சிமெண்டில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது.

"இப்ப நீங்களே சொல்லிடுங்க சார்," என்றார் சற்குணன் தணிந்த குரலில். "அதுக்குத்தானே அவங்க உங்ககிட்ட வந்தது."

"நான் சொன்னா அது ரிப்போர்ட்டு. நான் போனதும் அவங்க தனியா உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்ப நினைச்சுக்கிட்டு இருப்பாங்க. உங்ககிட்ட இருந்து வந்தா உங்களைத் திட்டவாவது முடியும்." ரகுபதி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எங்க இருப்பாங்க இப்ப?"

"இண்டர்சேஞ்சுல. அடுத்த டிரிப்புக்கு முன்னாடி பிரேக்."

"நடங்க. நாங்க பின்னாடி வர்றோம்."

*

பூவம்மா பேருந்து நிலையத்தின் ஓரத்தில், தன்னுடைய பேருந்துக்குப் பக்கத்தில், தண்ணீர்ப் புட்டியோடு நின்றிருந்தாள். சற்குணன் வேலை உடையோடு வருவதைப் பார்த்துச் சிரித்தாள். அவருக்குப் பின்னால் ரகுபதியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

ரகுபதியும் ஹலீமாவும் தள்ளி, தூண் ஓரமாக நின்றுகொண்டார்கள். சற்குணன் பேசுவது கேட்கவில்லை. கை மட்டும் தெரிந்தது. ஒருமுறை ஆளுயரத்துக்கு உயர்ந்தது. ஒருமுறை இடுப்புக்குக் கீழே, ஒரு குழந்தையின் தலை உயரத்துக்கு இறங்கியது. அப்போது பூவம்மா தண்ணீர்ப் புட்டியின் மூடியை மூடினாள். ஏற்கெனவே மூடியிருந்ததையே மறுபடியும் இறுக்கினாள்.

"அடிக்கப் போறாங்களோ?" என்று ஹலீமா முணுமுணுத்தாள்.

"அடிச்சா நல்லது," என்றார் ரகுபதி.

அவள் அடிக்கவில்லை. சற்குணனின் தோளுக்கு மேலே ரகுபதியைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"உண்மையா சார்?"

"நான் இன்னும் நேர்ல பார்க்கல. நாளைக்குக் காலையில குளுவாங் போறேன். போட்டோ எடுத்துட்டு வந்து காட்டுறேன். ஆனா இவர் பொய் சொல்லலைம்மா. நாரையை இவர் செஞ்சதுக்கு ஆள் சாட்சி இருக்கு. மத்தது இவர் முகத்துலயே தெரியுது."

அவள் தலையாட்டினாள். சற்குணனிடம் திரும்பினாள்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு இருக்கும்?"

"நாலஞ்சு இருக்கும்."

"என்கிட்ட குழந்தை வேணாம்னு சொல்வார்," என்றாள் பூவம்மா. அழுகை வரவில்லை. பேருந்து தாமதமாக வருவதைப் பயணிகளுக்குச் சொல்கிற அதே குரல். "வீடு சின்னது, சம்பளம் பத்தாது, இரும்புச் சாமானுக்கே இடம் இல்லைன்னு சொல்வார். சரின்னுட்டேன்."

பக்கத்துத் தடத்தில் ஒரு பேருந்து பெருமூச்சு விட்டுக் கதவைத் திறந்தது.

"ஏழு தடவை பால் ஊத்தியிருக்கேன். கல்லு மேல நின்னு, வழுக்கி விழுந்து, ஒரு தடவை முட்டி பெயர்ந்துச்சு." அவள் மூச்சை இழுத்து விட்டாள். "மீனுங்க நல்லாக் குடிச்சிருக்கும்."

ஹலீமா தலையைக் குனிந்துகொண்டாள்.

"வக்கீலுக்கு நானே போன் பண்ணிடுறேன் சார்," என்றாள் பூவம்மா. "வெள்ளிக்கிழமை சத்தியம் வேணாம். செத்துட்டார்ங்கிற மனுவை எடுத்துட்டு, ஓடிட்டார்ங்கிற மனுவைப் போடச் சொல்றேன். இப்ப எழுதறதுக்குக் கை கூசாது." சற்று நிறுத்தினாள். "நீங்க போகும்போது அவர்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். போட்டோ மட்டும் எடுத்துட்டு வாங்க."

"இன்னைக்கு வண்டி எடுக்க முடியுமா? லீவு சொல்லலாமே," என்றார் சற்குணன்.

அவள் இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டிக் காட்டினாள். நடுங்கவில்லை.

"மூணு மாசம்," என்றாள் அவரைப் பார்த்து. "மூணு மாசமா தெரிஞ்சு வச்சுக்கிட்டு, சனிக்கிழமை சனிக்கிழமை என் வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டீங்க."

"ஆமா."

"பொரியலுக்கு உப்பு போதுமான்னு கேட்டா பரவால்லன்னீங்க."

"ஆமா."

"எனக்கு இப்ப யார்மேல கோவப்படறதுன்னே தெரியல. பக்கத்துல நீங்கதான் இருக்கீங்க."

"பரவால்ல," என்றார் சற்குணன்.

பூவம்மா அவரை முறைத்தாள். பிறகு திரும்பிப் பேருந்தில் ஏறி இருக்கையில் உட்கார்ந்தாள். கண்ணாடிகளைச் சரிசெய்தாள். பெல்ட்டைப் போட்டாள். முன்கதவு திறந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பயண அட்டையைக் கருவியில் தட்டிவிட்டு ஏறினார்கள்: பள்ளிப் பிள்ளைகள், காய்கறிப் பையோடு ஒரு மலாய்க்கார அம்மா, காதில் பாட்டை மாட்டிக்கொண்ட ஓர் இளைஞன். எல்லோரும் ஏறிய பிறகும் கதவு மூடவில்லை. சற்குணன் கருவிப் பையைப் பிடித்தபடி படிக்கு நேராக நின்றுகொண்டிருந்தார்.

"வழியில நிக்காதீங்க," என்றாள் பூவம்மா உள்ளிருந்து, அவரைப் பார்க்காமலே. "ஏறுறதுன்னா ஏறுங்க. கார்டைத் தட்டணும்."

அவர் சட்டைப் பையில் தேடினார். கால்சட்டைப் பையில் தேடினார். கையுறை, ஸ்பேனர், இரண்டு நட்டுகள் வெளியே வந்தன. கடைசியில் அட்டை வந்தது. தட்டிவிட்டு உள்ளே போய், ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த முதல் இருக்கையைத் தாண்டி, நடுவில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார இடம் நிறையவே இருந்தது.

கதவு மூடியது. பேருந்து வளைவில் திரும்பிச் சாலையில் இறங்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே," என்றாள் ஹலீமா. "மன்னிச்சிட்டாங்களா?"

ரகுபதி பயணிகள் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார்.

"இல்லம்மா. ஏத்திக்கிட்டாங்க. அவ்வளவுதான்."